முதல் டாங்க்

ஐம்பதுக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருக்கிறது.
நான் முப்பதுக்கு ஒன்று கலந்தேன்.
புகைந்தால் புகையட்டும்.
அரியாங்குப்பத்து ஆற்றில்
கொக்குகள்தானே முகம் சுளிக்கப் போகின்றன.

போன சித்திரையில்
இதே ஜெட் ஸ்கியை, புது பிஸ்டனோடு,
முதல் நாளே முகத்துவாரம் வரை விரட்டியவன் நான்தான்.
கிறீச்சென்று பிடித்துக்கொண்டது.
அப்புறம் அலைச் சத்தம் மட்டும்.
வீராம்பட்டினத்து ஃபைபர் படகு கட்டி இழுத்துவந்தது.
கூலி இருநூறு,
கூடவே ஒரு மாதக் கிண்டல்.

இன்று பாதி விசைதான்.
அதிலும் ஒரே வேகத்தில் நிற்கக் கூடாது.
கொஞ்சம் கொடு, விடு,
மறுபடி கொடு.
ரிங்கும் சிலிண்டரும் உரசி உரசித்தான்
ஒன்றுக்கொன்று இடம் கொடுக்குமாம்.
பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியர்
இதை எங்களிடம் சொல்லவில்லை.

கரையிலிருந்து கலிவரதன் கத்துகிறார்:
"சனிக்கிழமை பெங்களூர் கூட்டம் வருது, ஆச்சா?"
காதில் விழாததுபோல்
பாலத்துக்கு அடியில் திருப்பினேன்.
அங்கே எஞ்சின் குரல்
தூணில் பட்டு இரண்டாகக் கேட்டது,
லேசான இருமலோடு.

டாங்க் காலி.
பிளக்கைக் கழற்றினேன்.
நுனி கறுத்து, எண்ணெய் ஈரம்.
பயமில்லை.
டீ நிறத்துக்கு வர இன்னொரு டாங்க் ஆகும்.

கரையேறி அவரிடம்
ஞாயிறு என்றேன்.