நனைந்த கயிறு

இந்தச் சாலையில் பதினாறு வருஷம் வெங்காயம் ஏற்றினேன்.
வெங்காயம் கேள்வி கேட்காது.
இப்போது பதினோரு பேர், பதினோரு தொப்பி.
"நிக்கனோர், இந்தப் பாறைகள் ஏன் இவ்வளவு சிவப்பு?"
நான் பிறக்கும் முன்பே சிவந்துவிட்டன, என்கிறேன்.
சிரிக்கிறார்கள். இறங்கும்போது சில்லறை கூடுகிறது.

சின்டிப் பள்ளத்தாக்கின் பழைய கொடிகளுக்குப் பந்தல் கிடையாது.
மொல்யே மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும்,
மிளகுபோல் காய்க்கும் அந்த மரமும் உதறிவிடாது.
குலை அறுக்க ஏணி வேண்டும்.
ஏணியிலிருந்து விழுந்துதான்
மச்சான் காசிமிரோவின் இடுப்பு போனது.
இப்போது அதே ஏணியில் ஏறிப் படம் எடுக்க
ஆளுக்கு இருபது பொலிவியானோ.
அடியில் பிடித்துக்கொள்வது காசிமிரோ.

போன மார்ச்சில் தோன்யா எதெல்வினா
பழம் பிழியும் இயந்திரம் வாங்கினார்.
அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. நான்தான் இறக்கினேன்.
என் வண்டிச் சத்தம் கேட்டதும் அதன்மேல் கித்தான் விழும்,
தங்கை ஃபெர்மினா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தொட்டிக்குள் இறங்குவாள்.
மிதிப்பது பதினைந்து நிமிஷம்,
அதில் பதினாலு நிமிஷம் அப்படியே நிற்பது, படத்துக்காக.
அவள் பாதங்கள் எத்தனையோ நாடுகளுக்குப் போய்விட்டன.
அவள் லா பாஸ்கூடப் போனதில்லை.
"போனால் செருப்புப் போட்டுக்கொண்டுதான் போவேன்" என்கிறாள்.

பிறகு மேசை, வெள்ளைத் துணி.
ஒரு வாய் எடுக்கிறார்கள், கண்ணை மூடுகிறார்கள்,
கொப்பளித்து
வாளியில் துப்புகிறார்கள்.
முதல் நாள் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.
எங்கள் பக்கத்தில் முதல் வாய் பச்சமாமாவுக்கு,
மண்ணில்தான் ஊற்றுவோம்.
அவள் இதுவரை துப்பியதில்லை.

வாளியை யார் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று
ஒருவரும் கேட்டதில்லை.
அந்த விஷயத்தில் வெங்காயம் மாதிரிதான்.

ஏப்ரலில் ஒருநாள், நரைத்த தலையோடு ஒரு பெண்
கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.
"உங்களுக்கு என்ன மணக்கிறது?"
வண்டி ஓட்டுகிறவன், குடிக்கக் கூடாது.
மூக்குக்குத் தடையில்லை.
முகர்ந்தேன்.
வெள்ளம் வந்த வருஷம். பாலத்தோடு லாரி சாய்ந்த இரவு.
வாயில் சேறு, அக்குளில் இறுகும் முடிச்சு,
இருட்டில் மேலே யாரோ என்னைப் பேர் சொல்லித் திட்டுகிற சத்தம்.
அதையெல்லாமா சொல்ல முடியும்?
"நனைந்த கயிறு" என்றேன்.
மேசை அடங்கிப்போனது.
பதினோரு பேனாக்கள் குனிந்து எழுதின.

இப்போது புட்டியின் பின்னால் அச்சடித்திருக்கிறார்கள்,
ரோஜா இதழுக்கும் கிராம்புக்கும் நடுவில்: நனைந்த கயிறு.
விலை எழுபது பொலிவியானோ ஏறிவிட்டது.
எதெல்வினா என் தோளில் தட்டினார்.
அவ்வளவுதான், தட்டினார்.

சாயங்காலம் ஏணியை மடக்கிக்கொண்டே காசிமிரோ கேட்டான்:
"கயிற்றுக்கு எவ்வளவு கொடுத்தார்?"
அன்றிரவு அதன் மறுமுனையில் இருந்தவன் அவன்.
அப்போது இடுப்பு நன்றாக இருந்தது.

நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
நாளை பத்தொன்பது பேர், ரெண்டு நடை அடிக்க வேண்டும்.
"ஒன்றும் கொடுக்கவில்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
"அடுத்த தடவை கேட்டால்
வெங்காயம் என்று சொல்.
அதையும் எழுதிக்கொள்வார்கள்."