ஆறாம் எண் மாதிரி

சவானா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை.
பாரந்தூக்கிகள் கழுத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு
காத்து நிற்கின்றன.
பே தெருவின் அந்தக் கட்டடத்தில்
காவலாளி ஓடெலும் மூன்றாம் மாடியும் தவிர
எல்லோரும் வீட்டுக்குப் போயாயிற்று.

ரொவீனா டிஸ்டேல் போகவில்லை.
மேசையில் ஒரு டஜன் மெழுகுவத்தி,
கட்டைவிரல் உயரம்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய எண்.

மெழுகுவத்தி என்றால் என்ன?
பதினேழு பக்கம் எழுதியிருக்கிறாள் இதைப் பற்றி.
திரி இருந்தால் மெழுகுவத்தி.
இல்லாவிட்டால் வெறும் மெழுகு, வரி வேறு.
பூசணி வடிவம் என்றால் ஒரு வாதம்.
பூசணிக்குப் பல் வரைந்திருந்தால் இன்னொரு வாதம்.
தேன்மெழுகு பாதிக்கு மேல் இருந்தால்
தேனீக்கள் நம் கட்சி.
பதினேழு பக்கத்திலும்
வெளிச்சம் என்ற சொல் வரவே இல்லை.

சுங்கம் தவிர்த்தவன் என்று
ஓர் அரசனுக்குப் பட்டம் கட்டிய மொழியில்
இதை எழுதுகிறேன்.
ரொவீனாவின் கட்சிக்காரர்கள் கேள்விப்பட்டால்
அவனுடைய தொலைபேசி எண் கேட்பார்கள்.

இப்போதைய கட்சிக்காரர் கார்லண்ட் மோப்லி.
மேக்கனில் கிடங்கு, முப்பத்தொரு ஆட்கள்,
கிறிஸ்துமஸுக்கென்று நான்கு கொள்கலன் நடுக்கடலில்.
சீனத்துச் சரக்கென்றால்
விலைக்கு மேல் விலை தண்டவரி.
ஹைஃபோங்கில் செய்தது என்றால் கொசுறு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
இவர் தொழிலில் அது பழமொழி இல்லை,
விலைப்பட்டியல்.

"எல்லாம் ஹைஃபோங்தான், மேடம்.
மெழுகு, திரி,
திரிக்கு அடியில் வைக்கிற தகரம் வரைக்கும்."
ஆலை மேலாளர் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார்.
கையெழுத்து நீலம், முத்திரை சிவப்பு.
யாரும் கேட்காத தகரத்தை
எதற்காகச் சொன்னார் என்பதுதான்
செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளுக்கு உறுத்தல்.

எட்டேகாலுக்கு மின்சாரம் போனது.
கைபேசியில் மூன்று சதவீதம்.
அணைத்து வைத்தாள்.
கும்மிருட்டில், பன்னிரண்டு மெழுகுவத்திக்கு முன்னால்
ஒரு வக்கீல்.

சாட்சியைக் கொளுத்தலாமா?
கொஞ்ச நேரம் சட்டம் யோசித்தாள்.
பதினொன்று மிச்சம் இருக்குமே.
ஓடெலிடம் தீப்பெட்டி வாங்கிவந்து
ஆறாம் எண்ணை ஏற்றினாள்.
வெண்ணிலா வாசனை. மலிவான வெண்ணிலா.
ஆற்றிலிருந்து காற்று ஜன்னலை அறைந்தது;
அவள் வேறொரு வழக்கின் காகிதங்களைப் படித்தாள்,
இறால் பற்றியது.

பதினொன்றரைக்குச் சுடர் அடியைத் தொட்டது.
உருகிய குளத்துக்குள்
நகத்தளவு ஒரு தகர வில்லை.
பேனா முனையால் புரட்டினாள்.
முதுகில் அழுந்தப் பதிந்த இரண்டு எழுத்து,
ஹைஃபோங் ஆலைகள் எதிலும்
யாரும் அச்சிடாத எழுத்து.

ஒரு வில்லையால் எதுவும் நிரூபணமாகாது.
தகரத்தை வெளியில் வாங்கலாம், குற்றமில்லை.
ஆனால் தகரம் வரைக்கும் என்றார்களே,
தகரம் வரைக்கும்.

மூன்று சதவீதத்தைச் செலவழித்து
கார்லண்டை எழுப்பினாள்.
"நாமே முந்திப் போய்ச் சொன்னால்
பாக்கியும் வட்டியுமாகப் போகும்.
அவர்களே வந்து பிடித்தால்
கிடங்கு போகும், பிறகு நீங்கள்."
மறுமுனையில் மழை. மேக்கனிலும் அதே மழை.
"சொல்லாமலே இருந்துவிட்டால்?"

"அப்படியென்றால் வேறு வக்கீல்" என்றாள்.
மூன்று சொல்லில்
இரண்டுதான் போய்ச் சேர்ந்தது.
அப்படியென்றால் வேறு...
வேறு என்ன?
விடியும்வரை ஒரு மனிதன்
செத்த தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு
கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

அவள் நேரக் குறிப்பேட்டைத் திறந்தாள்.
மாதிரி ஆய்வு:
ஆறு நிமிடக் கூறுகள், முப்பத்திரண்டு.
யோசித்து அடித்தாள்.
பார்த்தது ஒரு நிமிடம், மற்றதெல்லாம் வெளிச்சம்.
ஒன்று என்று எழுதினாள்.

ஆறாம் எண்ணின் திரி சாய்ந்தது.
அணைவதற்குள்
ஏழாம் எண்ணின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.