பதினேழு புள்ளி ஆறு

வண்ணார்பேட்டை ஆபீஸ் மாடியில் ஏசி ஓடவில்லை.
மேசைமேல் மாவட்டத்தை விரித்திருக்கிறோம்,
நாலு மூலைக்கும் நாலு டீ டம்ளர் பாரம்.
கங்கைகொண்டானில் புறப்பட்டு
ஆற்றுக்கு அடியில் நுழைந்து
மேலப்பாளையத்தில் முடிகிறது சிவப்புக் கோடு.
இருபத்தொரு கிலோமீட்டர்.
ஆறு வருஷம் முன்பு பதித்த ஆறங்குலக் குழாய்
சாயங்காலம் ஏழு மணிக்குக்
கடைசித் தெருவை எட்டும்போது மூச்சிரைக்கிறது.
பக்கத்திலேயே இன்னொன்று வேண்டும்.
எட்டு அங்குலமா, பன்னிரண்டா?
திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து சாரநாதன் சார்:
"கண்ணாடி ஆலை கையெழுத்துப் போடல.
அடுப்ப வச்சுக் குழாய் அளக்காதேம்மா."

ஆனால் என்னிடம் இருப்பது அடுப்புகள்தான்.
மணிக்கு மணி எவ்வளவு எரிகிறதென்று ஒரு வளைகோடு:
காலை இட்லிக்கு ஒரு மேடு,
ராத்திரி தோசைக்கு அதைவிடப் பெரிய மேடு.
தீபாவளி வாரம் அல்வாக் கடைகள்
முழுக் கோட்டையும் ஒரு முழம் தூக்கிவிடும்.
நடுச்சாமத்தில் தரைமட்டம்.
ஊர் தூங்கும் அந்நேரம்
குழாய் தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும்.
இதை நம்பித்தான் மற்றெல்லாக் கணக்கும்.

போன வாரம் மேலப்பாளையத்தில்,
பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலே
மைதீன் பாத்து சொன்னாள்:
"மாசத்துக்கு எத்தன சிலிண்டர்னு கேக்கிய.
எந்த மாசத்துக்கு?
நோம்பு மாசக் கணக்கு வேற.
ராத்திரி மூணு மணிக்கு இந்தத் தெருவுல
எரியாத அடுப்பு ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

மாசானமுத்து படிவத்தில் அதற்கொரு கட்டம் தேடினான்.
இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினான்:
மூணு மணி. எல்லாரும்.

அந்தப் பென்சில் எழுத்தைக் கணக்கில் போட்டேன்.
தரைமட்டம் எழுந்து உட்கார்ந்தது.
அந்த மாதம் குழாய் நிரம்புவதே இல்லை,
பட்டினியோடு விடிகிறது.
அதுவும் நின்ற இடத்தில் நிற்காத மாதம்,
வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும்.
நகர்த்திப் பார்த்தேன்.
பத்துப் பதினோரு வருஷத்தில்
அல்வாச் சட்டியும் பெருநாள் பிரியாணியும்
ஒரே வாரத்தில் அடுப்பேறுகின்றன.
காலண்டரைத் திருப்பித் திருப்பி எண்ணினேன்.
சரிதான்.
என் குழாய் தாங்க வேண்டிய வாரம் அது.

பன்னிரண்டு என்றால் ஒன்பது கோடி கூட.
எட்டு என்றால் அந்த வாரம்
யாரோ ஒருத்தி தீக்குச்சியோடு நிற்பாள்.

ராஜவல்லிபுரம் விலக்கில் ஆவுடைநாயகம் வயல்.
குழாய்க்கு மேலே உளுந்து வெக்கலாம்,
மரம் மட்டும் கூடாது என்றேன்.
"வேம்ப நான் வெக்கலியே, காக்காதான வெக்குது.
அதுக்கும் நோட்டீஸ் குடுப்பியளா?"
சிரிக்காமல் கேட்டார்.
பதில் எங்கள் விதிமுறையில் இல்லை.
உளுந்து விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தோம்.

ராத்திரி பதினொன்றரைக்கு எழுதி முடித்தேன்:
தரையில் எட்டு,
ஆற்றுக்கு அடியில் மட்டும் பன்னிரண்டு.
வயலை மறுபடி தோண்டலாம்.
தாமிரபரணிப் பாறையை இன்னொரு தரம் துளைக்க
யாரும் பணம் தரமாட்டார்கள்.
அக்கரை ஏறியதும், கருப்பந்துறைப் பக்கம்,
பதினேழு புள்ளி ஆறாவது கிலோமீட்டரில்
ஒரு கிளை வாய்.
எதனோடும் சேராதது.
இரும்புத் தட்டு வைத்து, எட்டு போல்ட் முறுக்கி,
மண்ணுக்குள் மூடிவைப்பது.

யாருக்கு இது என்று கேட்பார் சாரநாதன்.
குறிப்பு என்ற இடத்தில்
எதிர்காலத் தேவை என்று எழுதினேன்.
அடித்தேன்.
மூணு மணி என்று எழுதினேன்.
அதையும் அடித்துவிட்டு
எதிர்காலத் தேவை என்றே திரும்ப எழுதினேன்.

மாசானமுத்து ஆறிப்போன டீயைக் குடிக்க
டம்ளரை எடுக்கிறான்.
பாபநாசத்துப் பக்கமிருந்து
மாவட்டம் மெல்லச் சுருளத் தொடங்குகிறது.