பாதி வாள்

அபெர்டீன் ஏலக்கூடத்தில்
அதன் எண் நாற்பத்தேழு.
பார்த்தால் வெறும் கைத்தடி.
பிடியில், சியால்கோட் கொல்லன் ஒருவன்
இரும்பைக் கீறி அடித்துப் பதித்த பொன்கொடி.
அதில் ஓர் இலை மட்டும் தேய்ந்திருக்கிறது,
யாரோ ஒருவரின் கட்டைவிரல் அளவுக்கு.
உள்ளே ஜெர்மானிய எஃகு என்று
பட்டியலில் அச்சாகிவிட்டது.
உருவிப் பார்த்தவர் யாருமில்லை.

இழுத்தேன். வரவில்லை.
ஃபெர்கஸ் தடியைப் பிடிக்க
நான் பிடியைப் பிடிக்க
இரண்டு நாட்டு வேலைக்கும் நடுவே
எண்ணெயும் துருவும் சேர்ந்து போட்ட
மூன்றாவது பூட்டு
கடைசியில் விட்டது.

வந்தது ஒரு சாண்.
மிச்சத்தை யாரோ அரத்தால் அறுத்திருந்தார்கள்,
அவசரமே இல்லாமல்.

விற்க வந்த எல்ஸ்பெத் சிரித்தாள்.
"அந்தத் துண்டா?
பீட்டர்ஹெட்டில், எங்கள் அடுக்களையில்.
மூன்று தலைமுறையாய்
ஹெர்ரிங் மீனின் வயிறு கிழிக்கிறது.
அதை மட்டும் தரமாட்டேன்."

ஃபெர்கஸ் விலையைப் பாதியாக்கினார்.
அவள் பேரம் பேசவில்லை.
தடியை வாங்கி
அதையே ஊன்றி
பனி உறைந்த படிகளில் இறங்கினாள்.
கட்டைவிரல் தானாகப் போய்
அந்த இலைமேல் உட்கார்ந்தது.
நாங்கள் இழுத்துத் தளர்த்திய ஒரு சாண்
படிக்குப் படி
உள்ளே கடகடத்தது.