பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வா

"ஏற்றத்தில் செத்துப்போகிறது" என்றாள் கின்கா,
சாவியை மேஜைமேல் வைக்காமலே.
லிமனோவாவில் மூன்று பட்டறை பார்த்தாயிற்றாம்.
ஒருவன் ஸ்பார்க் பிளக்கை மாற்றினான்,
ஒருவன் காயிலை.
மூன்றாமவன் காஸையே பிடுங்கி எறியச் சொல்லி
அதற்கும் பில் போட்டான்.

அந்த ஓப்பலுக்குக் காஸ் பூட்டியவன் நான்தான்.
ஸ்டெப்னி கிடந்த குழியில் வளையத் தொட்டி,
நாலு இன்ஜெக்டர், ஒரு ரெட்யூசர்.
கல்யாணமான இரண்டாம் வருஷம்.
பிறகு கோர்ட்டில் வண்டி அவளுக்கு,
ஷெட் எனக்கு.
பனிச்சறுக்குக் கட்டைகள் யாருக்கென்று
ஒருவரும் கேட்கவில்லை.

லேப்டாப்பைச் செருகினேன்.
நின்ற இடத்தில் எல்லாம் சௌக்கியம்.
ரெட்யூசர் எழுபத்தெட்டு டிகிரி,
அழுத்தம் ஒன்றே கால் பார்,
ஐட்லிங்கில் பூனைத் தூக்கம்.
திருத்தக் கட்டத்தில் மட்டும் ஓர் எண்:
கூட்டல் இருபத்திரண்டு.

அதன் பொருளை யாருக்கும் நான் சரியாகச் சொன்னதில்லை.
காஸ் குறைவாக வருகிறது.
புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் சென்சார் அதை முகர்ந்து
பெட்ரோல் கம்ப்யூட்டரிடம் கோள் சொல்கிறது.
கம்ப்யூட்டர் கத்துவதில்லை.
தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துப் போடுகிறது.
மறுநாள் இன்னும் கொஞ்சம்.
சேர்த்ததை மனப்பாடம் செய்துகொள்கிறது.
இருபத்தைந்தைத் தொடும்வரை
டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது.
ஓட்டுகிறவன், ஆஹா, என்ன வண்டி என்று
சீட்டியடித்துக்கொண்டே போவான்.

நான் சீட்டியடிக்கிறவன்.

"மலையேறும்போது வண்டியில் என்ன இருக்கும்?"
"ஆப்பிள். பதினாலு பெட்டி.
எப்போதும் அதுதானே."
எப்போதும் அதுதான்.

அந்த மேப்பை நான் போட்டது
ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.
காலி வண்டி, தனி ஆள்,
ஆற்றோரத்துச் சமதளச் சாலை.
இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்குமேல்
மிதித்ததாக ஞாபகமில்லை.
திரையின் வலதுபக்கக் கீழ்மூலை
இன்றும் அப்படியே கிடந்தது:
கம்பெனி தந்த எண்கள்,
என் விரல் படாத கட்டங்கள்.

"போய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வா."

நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
அவள் ஓட்டுகிறாள்.
என் மடியில் பதினாலாவது பெட்டி,
அதன்மேல் லேப்டாப்.
காஸ் ஃபில்டரை மாற்றிவிட்டேன்;
பழையது காபி வண்டலாய்க் கறுத்திருந்தது.
சோப்புப் போட்டும் கையை விடாத அழுகல் முட்டைகோஸ் வாடை.
அவள் ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கினாள்,
அந்தக் காலத்தில் செய்தமாதிரியே,
ஒன்றும் சொல்லாமல்.

மூன்றிலேயே போ. கியரை இறக்காதே.
மிதி.
இன்னும்.

ஓஸ்த்ரா கணவாய்ச் சாலை, நாலாவது வளைவு.
வண்டி இருமியது, தோளைக் குலுக்கியது,
பின்னால் ஆப்பிள்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
"இங்கேதான்" என்றோம்
இரண்டு பேரும் ஒரே மூச்சில்.
மூவாயிரத்து இருநூறு சுற்று, பன்னிரண்டு மில்லிசெகண்ட்.
அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்தேன்.
ஆறு கூட்டினேன்.
திரும்பி இறங்கு, மறுபடி ஏறு.
அக்கம்பக்கத்துக் கட்டங்களிலும் கூட்டினேன்,
ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்காதபடி.
மறுபடி.

மூன்றாம் தடவை அவள் பேசிக்கொண்டே வந்தாள்.
அம்மா மூக்குக்கண்ணாடியை
பிரட் டப்பாவில் தொலைத்த கதை.
கண்ணாடி கிடைத்தபோது
வளைவு எப்போதோ பின்னால் போயிருந்தது.
திரையைப் பார்த்தேன்:
கூட்டல் இரண்டு.
பூஜ்யமாக்கப் பார்க்கக் கூடாது.
பனிக்காலத்து காஸ் வேறு, கோடையின் காஸ் வேறு.

உச்சியில் நிறுத்தினாள்.
பெட்டிகள் போக வேண்டியது அந்தப் பக்கம், கமியெனித்சாவுக்கு.
நான் போக வேண்டியது இந்தப் பக்கம்.
எண்ணிக் கொடுத்தாள்.
எண்ணி வாங்கினேன்.
ஃபில்டருக்குத் தனியாக.

அக்குளில் லேப்டாப், ஒன்பது சதவீதம் சார்ஜ்,
ஆறு கிலோமீட்டர் இறக்கம்.
பாதி தூரம்கூடப் போகவில்லை.
அந்தப் பக்கத்து இறக்கம் எங்கே முடிந்து
அடுத்த ஏற்றம் எங்கே தொடங்கும் என்பது
எனக்குத் தெரியும்.
நின்றேன். காதுமூடிய கம்பளிக் குல்லாயைக் கழற்றினேன்.

தூரத்தில், மூன்றாவது கியர்.
இறக்கவில்லை.