தண்ணீர்ப் பயணிகள்

இருக்கைகள் இல்லாத விமானம்.
பயணிகளுக்குப் பதில் நாற்பத்தெட்டுப் பீப்பாய்கள்,
ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம்,
தரையோடு முடுக்கி, குழாயால் கோத்து.
வாஷிங்டன் மாநிலத்தின் உலர்ந்த பாதியில்
மோசஸ் லேக் ஓடுதளத்தில் கிளம்பி
உருளைக்கிழங்கு வயல்களின் பச்சை வட்டங்களுக்கு மேலே
தண்ணீரை முன்னும் பின்னும் அனுப்புவது என் வேலை.
சம்பளச் சீட்டில் அதற்கொரு நீளமான பெயர் உண்டு.
விமானி லோர்னா ட்வைட்டுக்கு நான்
வெறும் தண்ணிக்காரன்.

இன்று கணினிகளை உறங்க வைத்துவிட்டோம்.
அடுத்த வருடம் இதில் ஏறி
ஆரஞ்சு ஜூஸ் கேட்கப்போகிறவர்கள்
ஒருநாளும் சந்திக்காத விமானம் இது:
நடுவில் நின்று சமாளிக்க யாருமில்லாமல்
வெறும் இறக்கை, வெறும் வால், ஒரு கை.

பாரம் முன்னால் இருக்கும்வரை முரண்டு பிடிக்கும்.
மூக்கைத் தூக்கிவிட்டால்
கொஞ்சம் யோசித்து
பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.
"பின்னால நூறு கேலன்."
வால்வைத் திருகினேன்.
குழாய் விக்கியது. தண்ணீர் நடந்தது.
"இன்னொரு நூறு."
திரையில் ஒரு கோடு படுக்கப் பார்த்தது,
கைக்கு எத்தனை பவுண்டு வலு வேண்டுமென்று சொல்லும் கோடு.
முதலில் இருபது. பிறகு பதினொன்று.
பிறகு ஒரு காபிக் கோப்பையைத் தூக்கும் அளவு.
"இன்னும்."

அதன்பிறகு லோர்னாவின் குரல் இறங்கிவிட்டது.
"இப்ப இது எங்க வேணும்னாலும் போகும்.
திரும்பி வரணும்னு இதுக்கு எண்ணமே இல்ல.
போதும். தண்ணிய முன்னால கொண்டு வா."

ஏழாம் வால்வு அசையவில்லை.
உதைத்தேன். பம்பு உறுமியது,
தண்ணீர் வாலிலேயே குந்தியிருந்தது.
கணினிகளை எழுப்பலாம்;
எழும் கணத்தில் ஓர் உதறல் வரும்,
அதை அப்போது யாரும் விரும்பவில்லை.

"பின்னால எத்தன பேர்?"
"அஞ்சு."
"ஒவ்வொருத்தரா முன்னால வாங்க.
மெதுவா. ஓடாதீங்க."

வெண்டல் ஹமசாகி முதலில் போனார்,
பீப்பாய்களின் தலையைத் தொட்டுத் தொட்டு.
பிறகு டெல்ஃபின் அகிரே, மடிக்கணினியை
வயிற்றோடு அணைத்தபடி. பிறகு மற்ற இருவர்.
கடைசி ஆள் நான், வாலில் இருந்து வருபவன்.

பாதி வழியில் நினைவுக்கு வந்தது:
எடைத் தாளில் தினமும் நான் எழுதுவது
நூற்று எண்பத்தைந்து பவுண்டு.
குளியலறைத் தராசு காட்டுவது இருநூற்றொன்று.
பதினாறு பவுண்டுப் பொய்
மார்ச் முதல் வால் பக்கம் உட்கார்ந்திருக்கிறது,
யார் கணக்கிலும் இல்லாமல்.
இப்போது என்னோடு எழுந்து முன்னால் நடந்தது.

விமானி அறைக்குள் ஐந்து பேரும் நெருக்கியடித்து
லிஃப்டில் நிற்பதுபோல் நின்றோம்.
லோர்னாவின் இரண்டு விரல்கள் மட்டும்
நெம்புகோலின் மேல்.
மூக்கு எழும்பியது. அவர் துரத்தவில்லை.
துரத்தினால் கை ஒரு துடிப்பு பிந்தும்,
பிந்திய திருத்தம்
அடுத்த பிழைக்குத் தோள் கொடுக்கும்.
பொறுத்திருந்து, இம்மியளவு அழுத்தி, விட்டார்.
மறுபடி இம்மியளவு.
எங்கோ ஓரிடத்தில்
அந்தப் பழைய முரண்டு திரும்பி வந்தது.
யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.
நான்தான்.

இறங்கியபின் ஏழாம் வால்வைப் பிரித்தார்கள்.
துடைப்புத் துணியின் நீலக் கிழிசல் ஒன்று,
உள்ளங்கை அகலம்கூட இல்லை.

எடைக் கணக்கு ஆர்டிஸ் ஓஸ்ட்பியிடம் போய்
தாளை வாங்கி, 185ஐ அடித்து
201 என்று எழுதினேன்.
அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"மார்ச்லேர்ந்து இருநூத்தஞ்சுன்னுதான் போட்டுட்டு வரேன்.
உன் பூட்ஸையும் சேத்து."

வெளியே பீப்பாய்களைத் திறந்துவிட்டிருந்தார்கள்.
தார்ப்பரப்பில் எந்தப் பக்கம் சரிவோ
அந்தப் பக்கம் போனது தண்ணீர்.