இதர பொருள்

மாதத்தின் மூன்றாம் புதன், மாலை நாலு மணி.
கணினித் துறை மாடியில், ஏசி ஓடுகிற ஒரே அறையில்
தொழில்நுட்ப ஆர்வலர் குழு கூடும்.
ஆசிரியர், அலுவலர் அனைவரும் வருக என்றது சுற்றறிக்கை.
வேலூர் வெயிலுக்குப் பயந்துதான் பாதிப் பேர் வந்தோம் என்பதை
நான் எழுதும் கூட்டக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

முதல் கூட்டத்துக்கு இருபத்தேழு பேர்.
மூன்றாவதற்கு ஒன்பது.
இயற்பியல் ஸ்ரீபால் சார், நூலகத்து தில்ஷாத்,
மோட்டார் போடும் எத்திராஜ்.
அவருக்குத் தொட்டி நிரம்பினால் போனில் சேதி வரணும்,
மத்ததெல்லாம் உங்க இஷ்டம் என்பார்.
யாராவது செயற்கை நுண்ணறிவு என்று ஆரம்பிப்பார்.
யாராவது வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்.
நாலே முக்காலுக்கு மசால்வடை வரும்.

நான் தேர்வுப் பிரிவு. உதவியாளர். பதினாலு வருஷம்.
பேராசிரியர்களோடு ஒரே வரிசையில்
நான் உட்கார்ந்த முதல் அறை அது.
"எனக்கு இது புரியல" என்று ஸ்ரீபால் சாரே ஒருநாள் சொன்னார்.
அதற்கப்புறம் எனக்கும் சொல்ல வந்தது.

ஜூலையில் தில்ஷாத் ஒரு சூத்திரம் காட்டினாள்.
இரண்டு பட்டியலை அருகருகே வைத்தால்
ஒத்துப்போகாத கட்டம் மட்டும் சிவக்கும்.
அவளுக்கு அது தொலைந்த புத்தகங்களைக் காட்டியது.
நோட்டில் எழுதிக்கொண்டேன்,
அடைப்புக்குறி, காற்புள்ளி ஒன்று விடாமல்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனபின்
பழைய ஆண்டுகளை எடுத்து ஓட்டிப் பார்த்தேன்.
காரணம் ஒன்றும் இல்லை.
புதுக் கத்தி வாங்கினவள் எதையாவது நறுக்கிப் பார்ப்பதில்லையா.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் வெள்ளை.
ஒன்று சிவப்பு.

2018 நவம்பர். குடியாத்தம் பக்கத்துக் கல்லூரி. கணிதம், மூன்றாம் பருவம்.
விடைத்தாளில் 63.
பட்டியலில் 36.
ஏற்றியவர், சரிபார்த்தவர்: இரண்டு இடத்திலும்
என் சுருக்கொப்பம், ஒரு 'ஜெ',
அவசரத்தில் கொம்பு சாய்ந்து.

க. யுவராணி.
அடுத்த பருவப் பட்டியலில் பெயர் இல்லை.
அதற்கடுத்ததிலும்.

ஆகஸ்ட் கூட்டத்தில், "ஒரு பேச்சுக்கு" என்று ஆரம்பித்தேன்.
"ஒரு பேச்சுக்கு, பழைய பிழை ஒன்று கிடைத்தால்..."
தரவின் நம்பகத்தன்மை என்றார் ஒருவர்.
பேக்கப் என்றார் இன்னொருவர்.
அதற்கென்றே மென்பொருள் இருக்கிறதாம், வருஷத்துக்கு எண்பதாயிரம்.
எத்திராஜ் மட்டும் வடையைக் கீழே வைத்துவிட்டு
"யாரு புள்ள?" என்றார்.

குறிப்பில் எழுதினேன்:
பழைய பதிவுகளின் துல்லியம் குறித்து விவாதிக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை கோப்பு எழுதினேன்.
இந்த முறை முழுப் பெயர், ஜெயசீலி.
கோப்பு மேலே போயிருக்கிறது.
மேலே என்பது மூன்று மேஜை தள்ளி.

விண்ணப்பத்தில் ஒரு கைபேசி எண்.
காட்பாடி மேம்பாலத்துக்குக் கீழே நின்று அழைத்தேன்.
"அந்தப் பொண்ணு நம்பர் இல்லீங்க இது," என்றது ஓர் ஆண்குரல்,
"ரெண்டு வருஷமா என்கிட்டதான் இருக்கு.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனில இருக்கேன்."
வைக்கப் போனவன் வைக்கவில்லை.
"அதைக் கேட்டு எனக்கு மாசாமாசம் போன் வருது.
பேங்க்லேர்ந்து. படிப்புக் கடனாம்."
தலைக்கு மேலே ரயில் ஒன்று
வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது.
பாலத்தில் ரயில் ஓடாது, பஸ்தான் ஓடும்;
அன்றைக்கு எனக்கு அப்படிக் கேட்டது.

செப்டம்பரில் எத்திராஜின் தொட்டி பேசியது.
நிரம்பிவிட்டது என்று போன் அதிர, நாங்கள் கைதட்டினோம்.
அவர் வெட்கப்பட்டுக்கொண்டே என் பக்கம் குனிந்தார்.
"அந்தப் புள்ள?"
சொன்னேன்.
"குடியாத்தத்துல எந்த பேங்க்? என் மச்சான்
அங்க ஏடிஎம்ல வாட்ச்மேன்."
வடை சுற்றி வந்த தாளை எண்ணெய் படாத பக்கம் திருப்பி
பெயரை எழுதினார். இனிஷியலை எழுதினார்.
பதிவெண்ணை எழுதி
திருப்பி வாசித்துக் காட்டினார், ஒவ்வொரு இலக்கமாக.
சரி என்றேன்.
இன்னொரு தடவை வாசியுங்கள் என்றேன்.